கபேஜ்ரவுன் வீடுகள்

அன்பு மச்சான்,

மகளுக்குக் கலியாணம் சரிவந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோசம். நாங்கள் சுகம். எனக்கு முழங்கால் நோவு, டொக்டர் நடக்கச் சொன்னதால் பின்னேரங்களில் ரொறன்ரோவின் பழைய குடியிருப்புப் பகுதியான கபேஜ்ரவுன் பக்கம் போய்வருகிறேன்.

சென் ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடியில் நாங்கள் ஒரே அறையில் இருந்தபோது பல்கனியிலிருந்து கீழே கூரான கூரைகள் தெரியுமே, அந்த இடம்தான். அப்போது இரண்டு வேலை, நித்திரை, ஊருக்குக் காசு அனுப்புவது, அதற்குள் இதையெல்லாம் பார்க்க நேரம் எங்கே இருந்தது? இப்போது மெற்காஃப் வீதியால் போனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்க்கிறேன். ஒடுங்கிய காணியில் பின்னுக்கு நீண்டுகொண்டே போகிற வீடுகள், உள்ளே வெளிச்சம் போகாது என்பதற்காக முகப்பில் ஒரு பக்கத்தை வெளியே தள்ளி, அதன் மூன்று பக்கமும் ஜன்னல் வைத்து, நிலத்திலிருந்து கூரை வரை ஏற்றி, மேலே முக்கோணமாக முடித்திருக்கிறார்கள். சிவப்புச் செங்கல் சுவர், ஜன்னல் வளைவுகளில் மட்டும் மஞ்சள் செங்கல், முக்கோண விளிம்பில் மரச் சித்திர வேலை. 1870, 80களில் ரொறன்ரோவில் இப்படித்தான் தெருத்தெருவாகக் கட்டினார்கள்.

அந்தப் பகுதியில் குடியேறி முற்றத்தில் கோவா, அதாவது கபேஜ், நட்ட ஐரிஷ் ஏழைகளால் வந்த பெயராம் கபேஜ்ரவுன். தெற்குப் பகுதியை 1940களின் கடைசியில் ரீஜன்ட் பார்க் என்ற அரசாங்கக் குடியிருப்பைக் கட்டுவதற்காக இடித்தார்கள். நாங்கள் இருந்த தொடர்மாடிகளும் 1960களில் இப்படியான வீடுகளை இடித்து எழுப்பியவைதான். மிச்சத்தை 1970களில் ஆட்கள் வாங்கித் திருத்தி, இடிக்க விடாமல் நின்று காப்பாற்றினார்கள். இன்று அது பாரம்பரியப் பகுதி, தெருவில் இருந்து தெரிகிற முகப்பை மாற்றுவதென்றால் நகரசபையிடம் அனுமதி எடுக்க வேண்டும்.

அந்தச் சட்டம் சரி என்றுதான் நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்நேரம் ஒன்றும் மிஞ்சியிராது. ஆனால் தொழிலாளிக்கென்று கட்டிய வீட்டில் இன்றைக்கு ஒரு தொழிலாளி வாடகைக்குக்கூட இருக்க முடியாது, அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வந்த புதிதில் எங்களுக்கு இடம் தந்தது அந்த மாடிகள்தான், அதையும் மறக்க ஏலாது. வீட்டையும் காப்பாற்றி அதில் சாதாரண சனமும் இருக்க ஒரு வழி பார்த்திருக்க வேண்டும்.

லண்டனில் உன்னுடைய தெருவும் விக்டோரியா காலத்து வரிசை வீடுகள்தானே, அங்கே முகப்பில் கைவைக்க விடுகிறார்களா? கலியாண அலுவல்கள் முடிந்ததும் ஆறுதலாக எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்