பிரஷர் அட்டையில் மூன்றாவதாக ஓர் எண்

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் குமரி மாவட்டப் பணியாளர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கிய பிறகு, ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாத வயசானவர்களுக்கும் வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன்.

70 தாண்டிய என் அம்மாவுக்கு ஒரு மருந்துக்கடையில் பிரஷர் பார்த்தார்கள். 164/72. "கீழே நார்மல்தான், வயசானா மேலே கொஞ்சம் கூடத்தான் செய்யும்" என்றார் அளந்தவர். அம்மாவும் நிம்மதியாகக் கருவாட்டுக் குழம்பு வைக்கப் போய்விட்டார்.

164-இல் 72 போனால் 92. இந்த இடைவெளியைத்தான் நாடி அழுத்தம் என்கிறார்கள். சாதாரணமாக 40 அளவில் இருக்கும். வயசானவர்களுக்கு 60-ஐத் தாண்டினால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனி விறைத்திருக்க வாய்ப்பு அதிகம். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்துகொடுத்து, அப்புறம் சுருங்கி அதை முன்னே அனுப்புவதுதான் அந்தக் குழாயின் வேலை. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டு போல அது ஆகிவிட்டால் மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். அதனால் அந்த 72 நல்ல சேதி என்று சொல்வதற்கில்லை. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் போகிறது. கீழ் அளவு ரொம்பவும் இறங்கினால் அதற்கும் கேடு. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாவற்றுக்கும் இப்படி அகன்ற இடைவெளி ஓர் எச்சரிக்கை.

ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, பெருந்தமனி வால்வுக் கசிவு இருந்தாலும் இடைவெளி அகலும். காரணம் கண்டுபிடிப்பது டாக்டர் பாடு. நீங்கள் அட்டையில் இரண்டு எண்ணையும் எழுதி, கழித்து வருவதையும் பக்கத்தில் எழுதினால் போதும். 60-க்கு மேல் வந்தால் ஒரு வட்டம். இடைவெளி மேல் அளவில் கால் பங்குகூட இல்லாமல் குறுகிப்போய், மூச்சும் வாங்கினால் காத்திருக்கக் கூடாது, உடனே அனுப்பிவிடுங்கள்.

அளப்பதிலும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து மேட்டிலிருந்து இறங்கி வந்தவரை 5 நிமிடமாவது உட்கார வையுங்கள். ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேன், வேண்டாம். இரண்டு தடவை பாருங்கள்.

சரி, இன்னொன்று. "கீழ்ப் பிரஷர் குறைஞ்சு போச்சு" என்று தானாக மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் சொன்னால் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் உங்களிடம் மாத்திரை வாங்கும் வீட்டுக்காரர் ஒருவர்