ஏணிக்காலில் கட்டிய சாக்கு

வேளச்சேரியில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், அலுவலகத் தோழிகளுக்கும், இந்த நான்கு மாதமும் என்னைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி, மாடி வீட்டிலிருந்து திரும்பி வந்து, என் அறையில், என் கட்டிலில் படுத்தேன். மூக்கு அடைக்கவில்லை. இருமி எழவில்லை. விடியும்வரை ஒரே தூக்கம். கண் விழித்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் தோன்றியது. பத்து வரி எழுதுவதும் படுப்பதுமாக எழுதுகிறேன். பட்டபாட்டைத் திரும்பச் சொல்லப்போவதில்லை, கூட இருந்து பார்த்தவர்கள் நீங்கள்.

இதில் பெரும்பகுதி பெயின்டர் அண்ணனுக்கு.

தீபாவளிக்கு முன்னால் என் அறையின் ஒரு சுவருக்கு மட்டும் ஒரு கோட் அடித்துவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய பிறகு அந்தச் சுவருக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. இரண்டு தடவையும் சில மாதத்தில் கறுப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது. "வெள்ளத்தில் ஊறின சுவர், அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அண்ணன் வந்து பீரோவை நகர்த்தினார். தரையிலிருந்து நெஞ்சு உயரம்வரை கறுப்பாகப் பூஞ்சை அப்பியிருந்தது, ஓரமெல்லாம் சாம்பல் பச்சை. பட்டி பொரிந்து, உப்பு பூத்திருந்தது. மழையில் நனைந்து காயாத பழைய புத்தகக் கட்டின் வாடை. அதிலிருந்து நாலடி தள்ளித்தான் என் தலையணை. என் சோர்வு நோயால் நாளில் இருபது மணி நேரம் நான் படுத்துக்கிடந்த இடம்.

அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். "இதுமேல நான் அடிக்க மாட்டேம்மா. ரெண்டு கோடை பாத்த சுவரு. இன்னும் ஓதம் இருக்குன்னா எங்கிருந்தோ தண்ணி வந்துக்கிட்டே இருக்கு" என்றார். பிறகு பால் கவர் ஒன்றைக் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்து, விரித்து வெட்டிச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். அன்றைய கூலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேறு வேலைக்குப் போகிற வழியில், அந்தக் கவரைப் பார்ப்பதற்காகவே வந்தார். அறைப்பக்கம் காய்ந்து கிடந்தது. உரித்தால் சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பின்னால் இருக்கும் குளியலறையில், சுவருக்குள் புதைத்த குழாய் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக யாரும் கண்டுபிடிக்காததை ஒரு பால் கவர் காட்டிக்கொடுத்தது.

இதற்கே நான் காலத்துக்கும் கடன்பட்டவள். ஆனால் என்னை அழவைத்தது வேறு. சுவரைச் சுரண்டும் வேலைக்கு நாள் குறிக்கும்போது, "எப்ப வந்தா உங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று கேட்டார். 2021 கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சோர்வு நோய் என்னைப் பிடித்ததிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. சத்தம் தாங்காது, காலையில் எழ முடியாது, பதினொன்றிலிருந்து ஒரு மணிவரைதான் முடியும் என்றேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை. பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்றும் சொல்லவில்லை.

சொன்ன நாளில் வந்தபோது ஏணியின் நாலு காலிலும் பழைய சாக்கைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார், தரையில் உராயும் சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்று. வாசலில் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, முகக்கவசம் போட்டு, சுவரில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுரண்டினார். காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்குமாம். நான் மாடி வீட்டுக்குப் போகும்வரை கரண்டியை எடுக்கவில்லை. குழாய் மாற்றியதும் உடனே பெயின்ட் அடிக்கச் சொன்னோம். "மார்கழி கழியட்டும், சுவரு காயட்டும்" என்று மறுத்தார். பொங்கலுக்குப் பிறகுதான் அடித்தார்.

என் மருத்துவருக்கு அடுத்த நன்றி. உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்று என்னைப் படுக்கையில் தள்ளியவர்களுக்குப் பிறகு, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, இந்த நோய்க்கான 2021 வழிகாட்டுதலில் அந்த முறையைக் கைவிட்டதை எடுத்துச் சொன்னவர் அவர். பூஞ்சை விஷயத்திலும் நேர்மையாகப் பேசினார். ஓதம் பிடித்த வீட்டுக்கும் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டு நூலாகப் போட்டிருக்கிறது, ஆனால் பூஞ்சைதான் இந்தச் சோர்வு நோயைக் கொண்டுவந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார். "ஆனா ராத்திரி நாலு தடவை மூக்கடைச்சு எழுந்தா, மத்தவங்க மறுநாள் கொட்டாவி விடுவாங்க. நீங்க ரெண்டு நாள் படுத்துடுவீங்க." என் நோயின் கணக்கு அதுதான். குளித்தாலும் பேசினாலும் அதன் கூலியை மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு வட்டியோடு வசூலிக்கும். அந்தக் கையிருப்பில்தான் சுவர் தினமும் திருடிக்கொண்டிருந்தது.

எனக்கு நோய் போய்விடவில்லை. நேற்றும் பதினைந்து மணி நேரம் படுத்துத்தான் இருந்தேன். ஆனால் அது பழைய இருபது இல்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்கிறேன், அம்மாவோடு பேசுகிறேன்.

நவம்பரிலிருந்து தன் முன்னறையை எனக்கு விட்டுக்கொடுத்த மாடி வீட்டு அக்கா, ரசமும் சாதமும் கதவில் மாட்டிவிட்டு மணி அடிக்காமல் போன எதிர்வீட்டு மாமி, ஈரப்பதம் காட்டும் கருவியை வாங்கிக் கொடுத்த தோழிகள் (அன்று 82 சதவீதம் காட்டியது, இன்று காலை 57), புடவைகளை வெயிலில் உதறிக் காயப்போட்ட பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் இந்த வீட்டைக் காலி செய்திருப்பேன். புது வீடு தேடி அலையும் தெம்பு எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி என்னிடம் யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்: பூஞ்சைமேல் பெயின்ட் அடிக்காதீர்கள், தண்ணீர் வரும் வழியை முதலில் தேடுங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைய இடம் விடுங்கள். நனைந்ததை இரண்டு நாளுக்குள் காயவையுங்கள். உடம்பு முடியாதவர் வீட்டுக்குப் போவதாக இருந்தால், எப்போது வந்தால் தோதாக இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். நானும் கேட்பேன்.

பெயின்டர் அண்ணே, மாடி வீட்டு அக்கா உங்களுக்கு இதை வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏணியிலிருந்து அவிழ்த்த நாலு சாக்கையும் எங்கள் பால்கனியிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சாக்கு என்று துவைத்து, நன்றாகக் காயவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வேலைக்கு வரும்போது ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், நானே போட்டுத் தருகிறேன்.