அரையாண்டுச் செய்திகளும் ஆண்டு விழாப் பரிசுகளும்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக நடந்து முடிந்தது. விடைத்தாள்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறோம். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பாதவர்கள் இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். (கையெழுத்தை நீங்களே போடுங்கள். ஏழாம் வகுப்பில் இரண்டு அப்பாக்களின் கையெழுத்து ஒரே மாதிரி இருக்கிறது.) கலைத் திருவிழாவில் வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் பரிசுகள் வாங்கினோம். கபடி அணி நன்றாக ஆடியது. சதுரங்கம், தடகளம், திருக்குறள் ஒப்பித்தல் எல்லாவற்றிலும் பங்கேற்ற அனைவருக்கும் பாராட்டுகள். கழிப்பறைக் குழாய்கள் மாற்றியாயிற்று.

இங்கே படித்துவிட்டுப் போன பிள்ளைகளிடமிருந்தும் நல்ல சேதி வந்திருக்கிறது. கல்லூரிகளில் படிக்கும் நம் முன்னாள் மாணவர்கள் மூவருக்கு அவரவர் கல்லூரியில் சிறந்த மாணவர் விருது கிடைத்திருக்கிறது. ஒருவருக்கு ஆய்வுக்காக, ஒருவருக்குக் குறும்படத்துக்காக, இன்னொருவருக்கு நாட்டு நலப்பணித் திட்டத்தில் செய்த தொண்டுக்காக. மூவரும் விடுமுறையில் பள்ளிக்கு வந்து, தங்கள் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஆண்டுதோறும் மூன்று கேடயங்கள் தருவதாகச் சொன்னார்கள். ஆய்வுக்கு ஒன்று, படைப்புக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று. இந்த ஆண்டு விழாவிலிருந்து கொடுக்கத் தொடங்குகிறோம்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேடயங்களைப் பற்றிப் பேசத்தான்.

அறிவிப்பு போன நாளிலிருந்து அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. "எந்த மாடல் செய்தால் பரிசு கிடைக்கும் சார்?", "சேவைக்குச் சான்றிதழ் இருந்தால் போதுமா?", "கவிதை எத்தனை வரி இருக்கணும்?" என்று கேட்கிறீர்கள். பிள்ளைகள் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. வேலைக்குப் போய் வந்த களைப்பிலும் ராத்திரி உட்கார்ந்து தெர்மாகோல் வெட்டிக் கொடுக்கிறீர்கள். ஆனால் கேட்டவர்களில் ஒருவர்கூட, "என் பிள்ளை இதைச் செய்கிறான், அதில் இந்த இடத்தில் திணறுகிறான்" என்று சொல்லவில்லை.

குழந்தைகள் தினக் கண்காட்சியை நினைத்துப் பாருங்கள். எரிமலை மட்டும் ஐந்து வந்திருந்தது. ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் சிவப்பாகப் பொங்குகிற அதே எரிமலைதான். அதில் மூன்றின் அடியில் ஒரே கடையின் விலைச்சீட்டு. இன்னொரு மேசையில் ஊசி போடும் சிரிஞ்சுகளை வைத்துச் செய்த பளு தூக்கும் கை இருந்தது. அருமையான வேலைப்பாடு, வெட்டிய அட்டையில் ஒரு பிசிறு இல்லை. நடுவராக வந்திருந்த கல்லூரிப் பேராசிரியர் அந்தப் பையனிடம், "தம்பி, இந்தக் குழாயில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை அடைத்தால் இது இதே மாதிரி தூக்குமா?" என்று கேட்டார். பையன் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தான். அப்பா பதில் சொன்னார்: காற்று அமுங்கிவிடும், தண்ணீர் அமுங்காது, அதனால் தண்ணீர்தான் நன்றாகத் தூக்கும். விடை சரிதான். முழு மதிப்பெண்ணும் கொடுக்கலாம். ஆனால் அவர் நம் பள்ளியில் படிக்கவில்லையே.

அதே அறையின் மூலையில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு நோட்டை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தெருவிலுள்ள பொதுக்குழாய் சரியாக மூடாமல் சொட்டுகிறது. நொடிக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று காலையும் மாலையும் எண்ணி எழுதியிருக்கிறாள். மருந்து புகட்டும் மூடியில் சொட்டுகளைப் பிடித்து, ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு என்று கண்டுபிடித்திருக்கிறாள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது நான்கு லிட்டருக்கும் மேல். இரண்டு பக்கங்களில் எண்கள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன, ஓரத்தில் மஞ்சள் கறை. ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "அன்னிக்கு எண்ணும்போது பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாங்க சார், எண்ணிக்கை விட்டுப்போச்சு, அதான் மறுநாள் திரும்ப எண்ணினேன்" என்றாள். வந்திருந்த பெற்றோரில் பலர் அந்த மேசையைப் பார்க்காமலே எரிமலைப் பக்கம் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வுக் கேடயம் எப்படிப்பட்ட பிள்ளைக்குப் போகும் என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் காட்டுவேன்.

பிப்ரவரி 28ஆம் தேதியை நாம் அறிவியல் தினமாகக் கொண்டாடுவது, 1928இல் அந்த நாளில் சர் சி.வி. ராமன் தன் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை அறிவித்ததால். அது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்த கதை அவ்வளவாகத் தெரியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியில், முப்பட்டகம் என்கிற முக்கோணக் கண்ணாடித் துண்டின் கோணத்தை அளக்கிற சாதாரணப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். இன்றைக்கும் நம் மேல்நிலைப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் செய்கிற பயிற்சி அது. ஒளிப்பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழவில்லையே என்று அவர் கண்ணில் பட்டது. அதை விடாமல் ஆராய்ந்து எழுதி அனுப்பினார். 1906 நவம்பரில் லண்டனின் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் அது வெளிவந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. கருவி கல்லூரியுடையது, கவனித்த கண் அவருடையது.

அவ்வளவு தூரம் போவானேன், திருவண்ணாமலையில் பள்ளியில் படித்த வினிஷா உமாசங்கரைப் பாருங்கள். தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, இந்தக் கரி எங்கிருந்து வருகிறது, எத்தனை மரம் போகிறது என்று யோசித்த பெண். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் என்ற பன்னாட்டுப் பரிசின் இறுதிச் சுற்று வரை போனார். அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். நம் தெருவிலும் தேய்ப்பு வண்டி நிற்கத்தான் செய்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு உதவும் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் யோசனைக்குப் பத்தாயிரம் ரூபாயை மாணவர் வங்கிக் கணக்கிலேயே போடுகிறார்கள். அதற்கும் முதலில் கேட்பது பிள்ளையின் சொந்த யோசனையைத்தான்.

படைப்புப் பரிசு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. போன மாதம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்த மழைக் கவிதைகளில் நான்கில் "இயற்கையின் இதயத்துடிப்பு" என்ற சொற்கள் அப்படியே இருந்தன. சாட்ஜிபிடி நம் ஊருக்கும் வந்துவிட்டது, நல்லது. அதற்குக் கேடயம் கொடுப்பதாக இல்லை.

சேவைப் பரிசில்தான் எனக்கு உண்மையான வருத்தம். காலாண்டு விடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாள் நடந்தது. ஊருணிக்கரையில் பனை விதை நட்டார்கள், சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்கினார்கள், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் தொடக்க விழாவில் மண்வெட்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, ராத்திரியே வீட்டுக்கு அழைத்துப் போகப்பட்ட பிள்ளைகளும் உண்டு. கொசுக்கடி, டியூஷன், சித்தி வீட்டுக் கல்யாணம் என்று காரணங்கள் இருந்தன. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீடுகளிலிருந்தே இப்போது முழு முகாம் சான்றிதழ் கேட்டு வருகிறார்கள். 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டில், தொடங்கிய இந்தத் திட்டத்தின் முழக்கம் "எனக்காக அல்ல, உனக்காக" என்பது. கல்லூரியில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைத்து, முகாமிலும் ஏழு நாள் இருந்தால்தான் சான்றிதழ். கேடயம் தரும் நம் முன்னாள் மாணவி அப்படி உழைத்து வாங்கியவர்.

இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வராத முகாமுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். யார் சிபாரிசோடு வந்தாலும் போட மாட்டேன். சான்றிதழ் கேட்டு நம் திட்ட அலுவலரான ஆசிரியையிடம் ஒரு பெற்றோர் வராந்தாவில் நின்று சத்தம் போட்டதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அது இனி நடக்கக் கூடாது. கோபம் இருந்தால் என் அறைக்கு வாருங்கள், கதவு திறந்தே இருக்கும்.

அப்புறம், பள்ளியில் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் விட்டுவிடுவார்கள். 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். அதைத் தாண்டி 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60க்கு மேல் போனால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. நம் எட்டாம் வகுப்புக்கு இது பொருந்தாது. ஆனால் பிள்ளை போகப்போகிற இடம் அது. அங்கே வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்கும்போது அப்பாவைத் திரும்பிப் பார்க்க முடியாது.

ஆகவே இந்த ஆண்டு ஏற்பாடு இப்படி. பிப்ரவரி 28 அன்று காலையில் நடுவர்களும் பிள்ளைகளும் மட்டும்தான் அறைக்குள் இருப்பார்கள். பெற்றோர் மதிய உணவுக்குப் பிறகு வந்து பார்க்கலாம், ஆசையாக வாருங்கள். மாடல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாள்வாரியாக எழுதிய குறிப்பேடு கட்டாயம் வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கட்டும், அழகாகப் படி எடுத்து எழுதவைக்க வேண்டாம். கடையில் வாங்கியது என்று தெரிந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். கதை, கவிதை, ஓவியம் மூன்றையும் பள்ளியிலேயே இரண்டு பாடவேளையில் செய்யவைப்போம், தலைப்பை அப்போதுதான் சொல்வோம். சேவைக்கு முகாம் வருகைப் பதிவேடுதான் ஆதாரம். பதிவேட்டில் வராத சேவையும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிற பிள்ளை, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு படிக்கிற பிள்ளை. வகுப்பாசிரியர்களிடம் அப்படிப்பட்டவர்களைக் கவனித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் உதவவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கத்தரிக்கோல் வேலைக்கும் மின்சாரம் தொடும் வேலைக்கும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பிள்ளை கேட்கிற இடத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். அது கிணறாக இருக்கலாம், சந்தையாக இருக்கலாம், உங்கள் பட்டறையாகவே இருக்கலாம். வீடு ஒரு வாரம் குப்பையாகக் கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோணலாக ஒட்டியிருந்தால் கை பரபரக்கும், தெரியும். விட்டுவிடுங்கள்.

நம் பெற்றோரில் தச்சர் ஒருவர் இழைப்புத் துண்டுகளையும் மிச்சப் பலகைகளையும் சாக்கில் கட்டி வந்து அறிவியல் ஆய்வகத்தில் வைத்துவிட்டுப் போனார். தையற்கடை அம்மா ஒருவர் வெட்டுத்துணி அனுப்பினார். மின்பணியாளர் ஒருவர் சனிக்கிழமை காலைகளில் வந்து, எது தொடலாம் எது தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. விழாவுக்குப் பந்தலும் நாற்காலியும் ஏற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும், இந்த ஏற்பாட்டை ஒருமனதாக ஏற்ற பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், ஏழு நாளும் பிள்ளையை முகாமில் விட்டுவிட்டுத் தினமும் ஊருணிக்கரைக்குச் சுண்டலும் மோரும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி.

ஆய்வகம் வரும் சனிக்கிழமையிலிருந்து காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை திறந்திருக்கும். மிச்சப் பலகை நிறைய இருக்கிறது. ஆணி, சுத்தியல், பழைய பேட்டரிகள் யாரிடமாவது இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பேட்டரி கசிந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்