கார்ன் கிரீக் ஊற்று

லாஸ் வேகஸ்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா முட்டிக்குத் தைலம் தடவுகிறார்களா என்று பார்த்துக்கொள்.

ஏப்ரல் கடைசியில் நீ வரும்போது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் கார்ன் கிரீக். ஊருக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். 1936-இல் பெருங்கொம்புக் காட்டாடுகளுக்காக ஏற்படுத்திய பாலைவன வனவிலங்குப் புகலிடத்துக்குள் இருக்கிறது. புகலிடம் ஏறக்குறைய 16 லட்சம் ஏக்கர். பறவை பார்க்க அவ்வளவும் வேண்டாம், ஊற்றைச் சுற்றியுள்ள மரக்கூட்டமே போதும். வடக்கே வலசை போகும் சிறு குருவிகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். பொழுது விடிந்தால் கீழே எங்கும் பொட்டல், இந்த ஒரு பச்சைத் திட்டுதான் தெரியும். அதில் இறங்கிவிடும்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று தூரத்து வாத்துகளைப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. இலைக்குள் தாவிக்கொண்டே இருக்கும் வார்ப்ளர் என்ற சிறு குருவிகளுக்கு 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் கொண்டு வா. 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும், குருவி கண்ணில் சிக்காது.

சூரியன் எழும்போது அங்கே இருக்க வேண்டும். முதல் வெயில் படும் மர உச்சியில்தான் பூச்சிகள் முதலில் அசையும். வெயிலை முதுகில் வாங்கி நின்று அங்கே பார். பிறகு நீரோட்டத்தின் பக்கம் வந்து இருபது நிமிடம் அசையாமல் நில். குளிக்கவும் குடிக்கவும் அவையே வரும். போனில் பறவைக் குரல் போட்டு அழைக்கவே கூடாது. இரவெல்லாம் பறந்து உடம்புக் கொழுப்பைக் கரைத்து வந்தவை, இரை தேடும் நேரத்தை அந்தப் பொய்க்குரலுக்காக இழக்கும். பத்து மணிக்குமேல் அனல் எழும்பி தூரத்து உருவம் நெளியும். லென்ஸைத் துடைத்துப் பயனில்லை.

பாலாற்றில் வேலிகாத்தானை வெட்டி மாளாதவர்கள் நாம். அதன் இனமான மெஸ்கீட் இங்கே மண்ணின் மரம். அதில் தொங்கும் புல்லுருவியின் பழத்தை நம்பி வாழ்வது பைனோபெப்லா என்ற பறவை: ஆண் பளபளக்கும் கறுப்பு, கொண்டை, சிவந்த கண். பறந்தால் சிறகில் வெள்ளைத் திட்டு தெரியும். எச்சத்தில் வரும் பசைவிதை கிளையில் ஒட்டி அடுத்த புல்லுருவியாகும். நம் மாந்தோப்பில் பூக்கொத்திகள் செய்யும் வேலைதான். புல்லுருவிக் கொத்துக்கு அருகே உச்சிக் கொம்பைப் பார், அங்கேதான் உட்காரும்.

குளத்தில் எதையும் போடாதே. பஹ்ரம்ப் பூல்ஃபிஷ் என்ற சிறுமீனின் சொந்த ஊற்று, நிலத்தடி நீரை உறிஞ்சியதால் 1975-இல் வற்றிப்போனது. அதற்கு முன்பே, 1971-இல், சிலவற்றை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பிறகு யாரோ விட்ட கிரேஃபிஷ் என்ற இறால் போன்ற நன்னீர் உயிரி இங்கிருந்த மீன்களையும் அழித்தது. பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதன் வலி புரியும்.

வேலூர் வெயிலைத் தாங்கியவன் என்று தைரியமாக இருக்காதே. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்வதால் சட்டை நனையாது, உடம்பில் நீர் குறைவதும் தெரியாது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் எடுத்துப் போவோம்.

டிக்கெட் போடும்போது மே பாதிக்குமேல் தள்ளாதே. வலசைக் குருவிகள் பெரும்பாலும் போய்விடும்.

அன்புடன்,
அக்கா