எந்த ஸ்டேஷன்?

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தி பஞ்சாபியில் சண்டை போடுகிறாள் என்று எழுதியிருந்ததை மீனாட்சி இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுத்து இப்போது பளிச்சென்று தெரிகிறது.

எல்லைப் பாதுகாப்புப் படை உங்கள் ஊருக்குள் வந்து ஆளைப் பிடிக்கலாமா, அதற்கு மாநில அரசைக் கேட்க வேண்டுமா என்று அமிர்தசரஸ் டீக்கடையில் நடந்த வாக்குவாதத்தை எழுதி, "கோர்ட்டிலேயே கிடந்தவன் நீ, யார் சொல்வது சரி?" என்று கேட்டிருந்தாய். 2021 அக்டோபரில் மத்திய உள்துறை ஓர் அறிவிக்கை போட்டது. அதுவரை பஞ்சாபில் எல்லையிலிருந்து 15 கி.மீ. வரை இருந்த அந்தப் படையின் அதிகாரம் 50 கி.மீ. ஆனது. வங்காளத்துக்கும் அசாமுக்கும் அதேதான். குஜராத்தில் 80 இருந்ததை 50 ஆகக் குறைத்தார்கள். எல்லைக்கும் உன் ஊருக்கும் சுமார் 30 கி.மீ. என்றால், முன்பு வெளியே இருந்த உன் தெரு இப்போது உள்ளே வந்துவிட்டது. அவர்கள் சோதனை போடலாம், பொருளைக் கைப்பற்றலாம், ஆளைப் பிடிக்கலாம். வழக்கு நடத்த முடியாது; பிடித்தவரை உள்ளூர் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ட்ரோனில் போதைப்பொருளும் துப்பாக்கியும் வந்து விழுகிற எல்லை அது, டெல்லியின் கவலை பொய்யில்லை. ஆனால் பஞ்சாப் அரசின் சம்மதத்தைக் கேட்காமல் செய்தார்கள். அதனால்தான் பஞ்சாப் அரசு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

சி.பி.ஐ. என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதன் போலீஸ் அதிகாரம் 1946ஆம் வருஷத்து டெல்லி சிறப்புக் காவல் நிறுவனச் சட்டத்திலிருந்து வருகிறது. அதன் 5ஆவது பிரிவுப்படி மத்திய அரசு அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்கு நீட்டிக்கலாம்; 6ஆவது பிரிவு, மாநில அரசின் இசைவு இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருப்பதால் வந்த பூட்டு அது. வழக்குக்கு வழக்கு கேட்க வேண்டாம் என்று பொது இசைவு கொடுத்திருந்த மாநிலங்கள் சில, 2018 முதல் ஒவ்வொன்றாக அதைத் திரும்பப் பெற்றன. வங்காளம், கேரளா, நீ இருக்கிற பஞ்சாப். நம் தமிழ்நாடு 2023 ஜூன் 14 அன்று. அன்று விடியுமுன் அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்திருந்தது. ஆனால் அமலாக்கத் துறைக்கு இந்த இசைவே தேவையில்லை, அதன் சட்டம் வேறு. இதைத்தான் இங்கேயும் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சட்டம் கிடக்கட்டும். என் சர்வீஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோர்ட் கலைகிற நேரம், ஓர் அம்மா தூக்குவாளியோடு என் மேசைக்கு வந்தாள். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டேன். "ஸ்டேஷன் இல்லையாம் ஐயா, மெட்ராஸ்லேருந்து வந்தவங்களாம்" என்றாள். வேறொன்றும் அவளுக்குத் தெரியவில்லை. சோறு ஆறாமல் இருக்க வாளியைப் பழைய சேலைத்துணியால் சுற்றியிருந்தாள். உள்ளூர் ஸ்டேஷன் என்றால் ஏட்டையாவைத் தெரிந்தவர் யாராவது இருப்பார், கவுன்சிலரைக் கூட்டிப் போகலாம், எஸ்.பி. ஆபீசில் மனுக் கொடுக்கலாம். இவள் எங்கே போவாள்? ஒரு வக்கீல் பெயரைச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் மகனைப் பார்த்தாள்.

அதற்காக உள்ளூர் போலீஸே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். சாத்தான்குளத்தை எப்படி மறப்பது? 2020 ஜூனில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் சொந்த ஊர் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே அங்கே மதிக்கவில்லை. அந்த ஸ்டேஷனை வருவாய்த் துறை எடுத்துக்கொள்ளட்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அப்படி ஓர் உத்தரவை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சி.பி.ஐ. வரவேண்டும் என்று அன்று நானும்தான் கேட்டேன். மாநில அரசே வழக்கை ஒப்படைத்தது.

ஆகவே பூட்டு இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் சாவி கட்சிக்காரர்களிடம் மட்டும் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மகாராஷ்டிரம் 2020இல் இசைவைத் திரும்பப் பெற்றது, ஆட்சி மாறியதும் 2022இல் மறுபடி கொடுத்தது. ஆந்திராவிலும் ஆட்சி மாறியதும் அப்படியே. ஒரு மாநிலம் இசைவு மறுத்தால் காரணத்தை எழுத்தில், ஒரு மாதத்துக்குள் சொல்லட்டும். மாநிலப் போலீஸ்காரர்களே குற்றவாளிகளாக நிற்கும் வழக்கில் அரசாங்கத்தைக் கேட்கவே வேண்டாம், உயர் நீதிமன்றம் முடிவு செய்யட்டும். இசைவு இல்லாமலும் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010லேயே சொல்லியாகிவிட்டது.

அப்புறம், யார் பிடித்தாலும் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, மத்திய அமைப்புகளுக்கும் சேர்த்துத்தான் சொன்னது. ஆனால் அந்த அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லையே. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நீ ஒரு வேலை செய். எல்லைப் படை பிடித்துக் கொடுக்கிற ஆளின் வீட்டுக்கு அங்கே யார் தகவல் சொல்கிறார்கள், படையா, ஸ்டேஷனா? உன் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரிடம் விசாரித்து எழுது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? பேத்தியையும் கூட்டி வா. மீனாட்சி இப்போதே அதிரசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள்.

உன்,
வேலாயுதம்