என்ஜினை எங்கே வைப்பது: பழைய கார் ஆர்வலர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களை ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். இத்தாலிய கார்களில் என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் ஆகியவை எங்கே, எந்தத் திசையில் பொருத்தப்பட்டன, அதற்கு என்ன காரணம் என்பதே அப்பொருள். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பம்பாய் குர்லாவில் உருவான ஃபியட் 1100 அல்லது பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள். 1089 சி.சி. என்ஜின் முன்னால் நீளவாக்கில் அமர, அதன் பின்னே கியர்பாக்ஸும், அங்கிருந்து காரின் அடியில் நீண்ட ஷாஃப்டும் சென்று பின் சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பு நமக்கு அத்துப்படி. 1953-இல் இந்த 1100 வரிசையைத் தொடங்கிய டுரின் நகரத்து ஃபியட் நிறுவனம், 1969-இல் முற்றிலும் வேறான அமைப்பு கொண்ட 128 காரை எப்படி எட்டியது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விதான் இவ்வாண்டுத் திட்டத்துக்கு வித்து.

அக்கேள்விக்கான விடை பெரும்பாலும் ஒரே மனிதரிடம் இருக்கிறது. ஃபியட்டின் தலைமைப் பொறியாளர் தாந்தே ஜாகோசா, 1936-இல் வந்த ‘தொபொலினோ’வில் 569 சி.சி. என்ஜினை முன் அச்சுக்கும் முன்னால் தள்ளி, ரேடியேட்டரை என்ஜினுக்குப் பின்னால் வைத்து, சிறிய காருக்குள் ஆள் அமர இடம் கண்டார். 1955-இல் 600 மாடலிலும், 1957-இல் காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் கொண்ட 500-இலும் என்ஜினைப் பின்பக்கம் கொண்டுசென்றார். நீண்ட ஷாஃப்ட் தேவையில்லை, தரையில் மேடு இல்லை, விலையும் குறைந்தது. ஆனால் எடை முழுதும் பின்னால் சேர்ந்ததும், சாமான் வைக்க இடம் குறுகியதும் அந்த அமைப்போடு பிறந்த குறைகள்.

1959-இல் இங்கிலாந்தின் மினி, என்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியில் ஆயில் சம்ப் எனும் எண்ணெய்த் தொட்டியிலேயே அடக்கியது. இடம் மிச்சமாயிற்று, ஆனால் என்ஜினும் கியர்களும் ஒரே எண்ணெயைப் பகிர வேண்டியிருந்தது. ஜாகோசா வேறு வழி தேடினார். குறுக்கே வைத்த என்ஜினின் ஒரு முனையிலேயே கியர்பாக்ஸை வரிசையாகப் பொருத்தி, இரண்டுக்கும் தனித்தனி எண்ணெய் வைத்தார். அப்போது மொத்த அகலம் கூடிவிடும் என்பதால் கிளட்சை விடுவிக்கும் அமைப்பைச் சுருக்கினார். டிஃபரன்ஷியல் ஒரு பக்கமாக ஒதுங்கியதால் சக்கரங்களுக்குச் செல்லும் இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளும் வெவ்வேறு நீளத்தில் அமைவதை ஏற்றுக்கொண்டார். புதிய முயற்சி ஃபியட்டின் பெயரைப் பாதித்துவிடக் கூடாது என்று, 1964-இல் இதை ஆட்டோபியாங்கி என்ற துணைப் பெயரில் ‘ப்ரிமுலா’ காராக முதலில் சந்தைக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகள் தெருவில் ஓடித் தேறிய பிறகே 128 வந்தது. அதன் 1116 சி.சி. என்ஜினை, முன்பு ஃபெராரியில் பணியாற்றிய ஆரேலியோ லாம்ப்ரெடி வடிவமைத்தார். 1970-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய கார் என்ற விருதும் 128-க்குக் கிடைத்தது.

128 குறித்த கூட்டத்தின் செய்முறைப் பகுதியை நம் மெக்கானிக் உறுப்பினர்கள் நடத்தினார்கள். ஃபியட் ஊனோ ஒன்றையும் மாருதி 800 ஒன்றையும் அருகருகே நிறுத்தி, பானட்டைத் திறந்து, இரண்டிலும் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வரிசையில் குறுக்காக நிற்பதைக் காட்டினார்கள். வந்திருந்த பாலிடெக்னிக் மாணவர்கள் நெடுநேரம் கலையவில்லை. சுவரில் படமாக மாட்டப்படும் எந்த இத்தாலிய காரையும்விட, இன்று உலகின் பெரும்பாலான சிறிய கார்கள் பின்பற்றும் இந்த எளிய அமைப்பே அந்நாட்டுப் பொறியாளர்களின் தலையாய சாதனை என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டின் மிகச் சூடான விவாதம் ஆல்ஃபா ரோமியோவின் ‘ஆல்ஃபெட்டா’ குறித்து நடந்தது. 1972-இல் வந்த அந்தக் காரில் என்ஜின் முன்னால் இருக்க, கிளட்சும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலோடு சேர்ந்து பின்னால் அமைந்தன. முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமாகப் பிரிந்தது. 1950-இலேயே லான்சியாவின் ‘ஆரேலியா’, விற்பனைக்கு வந்த கார்களில் முதல் வி6 (வி வடிவில் ஆறு சிலிண்டர்) என்ஜினோடு இதே ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. கிளட்ச் பின்னால் இருப்பதால், கியர் விழாமல் நிற்கும்போதுகூட ஷாஃப்ட் என்ஜினின் வேகத்திலேயே சுற்றுகிறது. ஆகவே அதன் சமநிலை பிசகக் கூடாது. இணைப்பு ரப்பர்கள் தேய்ந்தால் அதிர்வு கார் முழுவதும் பரவும். கியர் லீவரிலிருந்து பின்பக்கம் வரை நீளும் இணைப்புக் கம்பியால் கியர் மாற்றுவதிலும் துல்லியம் குறைந்தது. குடும்பக் காருக்கு இவ்வளவு சிக்கல் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வளைவுகளில் அந்தக் கார் காட்டும் நிதானத்துக்காக அச்செலவு தகும் என்றே நான் அன்று வாதிட்டேன். இன்றும் அதையே சொல்வேன்.

என்ஜின் நடுவில் அமைந்த கார்களுக்கான கூட்டத்தில், லம்போர்கினி ‘மியூரா’வையும் ‘கௌன்டாஷ்’ காரையும் ஒப்பிட்டோம். 1966-இல் வெளிவந்த மியூராவில் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னே குறுக்காக அமர்ந்தது. தொடக்கத்தில் அதன் கியர்பாக்ஸும் என்ஜினும் ஒரே வார்ப்பாகி, மினியைப் போல எண்ணெயைப் பகிர்ந்தன. கௌன்டாஷில் பவுலோ ஸ்டான்சானி என்ஜினை நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸை அதன் முன்னால், இரு இருக்கைகளுக்கிடையே கொண்டுவந்தார். கியர் லீவர் நேரே பெட்டிக்குள் இறங்கியது. ஆல்ஃபெட்டாவை வாட்டிய நீண்ட கம்பிக்கு இங்கே வேலையே இல்லை. விசை, சம்ப்பின் ஊடே செல்லும் ஒரு ஷாஃப்ட் வழியாகத் திரும்பிப் பின்னோக்கிச் சென்று டிஃபரன்ஷியலை அடைந்தது. மியூராவின் அழகுக்கு ஈடில்லை என்றாலும், பொறியியலில் கௌன்டாஷே மேல். அதே கூட்டத்தில் 1972-இன் ஃபியட் எக்ஸ்1/9 காரையும் பார்த்தோம். 128-இன் என்ஜின், கியர்பாக்ஸ் தொகுப்பை அப்படியே இருக்கைகளுக்குப் பின்னே நகர்த்தியதால் பிறந்த கார் அது. சிலிண்டர்கள் எதிரெதிராகத் தாழ்ந்து படுத்த பாக்ஸர் என்ஜினும் முன் சக்கர இயக்கமும் கொண்ட ‘ஆல்ஃபாசூட்’ காருக்கு அரைக் கூட்டமே கிடைத்தது. அதை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வுரைகளுக்காக உறுப்பினர்கள் தமிழில் பெயர் குறித்து வரைந்த குறுக்குவெட்டுப் படங்கள் சங்க நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பத்மினியின் ஷாஃப்ட் மூட்டுகளுக்கான கிராஸ்களைக் கூட்டாக வாங்கிப் பகிரும் ஏற்பாடு தொடர்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

வரும் ஆண்டில் நான்கு சக்கர இயக்கத்தை எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. 1983-இன் ஃபியட் பாண்டா 4x4-இல் தொடங்கி, உலக ராலிப் பந்தயங்களை ஆண்ட லான்சியா டெல்டா இன்டெக்ராலே வரை செல்லலாம் என்பது திட்டம். தம் கார்களைச் செய்முறைக்குத் தந்து உதவிய உறுப்பினர்களுக்கும், பட்டறையைத் திறந்துவிட்ட அன்பர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்