அருங்காட்சியக நிர்வாகத்துக்கு: அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். விமானக் கூடத்தில் ரைட் சகோதரர்களின் இறக்கை மாதிரி இருக்கிறதல்லவா, அதன் கைப்பிடியை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறீர்கள். எப்போதிலிருந்து, எதற்காக என்பது எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அவிழ்த்துவிடச் சொல்லிப் பார்வையாளர் குறிப்பேட்டில் பலர் எழுதிவிட்டார்கள், நானும் எழுதினேன். பதில் வராததால் இந்தத் திறந்த மடல்.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தேன். கண்ணாடிக்குள் இருக்கும் 1903 விமானத்தின் மாதிரியைப் பார்த்தார்கள். முதல் பறத்தல் பற்றிப் பலகையில் இருந்த '12 வினாடி, 120 அடி'யை நோட்டில் குறித்துக்கொண்டார்கள். (அதே நாளில் நான்காவது முறை 59 வினாடியில் 852 அடி பறந்தது உங்கள் பலகைக்கு இன்னும் தெரியாது.) அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், இதுல ஸ்டியரிங் எங்க?"

அந்தக் கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதே காலத்தில் விமானம் செய்ய முயன்ற விஞ்ஞானி லாங்லியிடம் 52 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது, அமெரிக்க அரசின் பணமும் இருந்தது. 1903 டிசம்பர் 8 அன்று அவருடைய விமானம் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பதே நாளில், அமெரிக்கக் கடற்கரை ஊரான கிட்டி ஹாக் அருகே, சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்கள் வெறும் 12 குதிரைத்திறனில் பறந்தார்கள். காற்றில் சாயும் விமானத்தை நிமிர்த்துவது எப்படி என்று அவர்கள் எஞ்சினுக்கு முன்பே யோசித்திருந்தார்கள். குப்புறப் படுத்திருக்கும் விமானி இடுப்பை ஒரு பக்கம் நகர்த்துவார். கம்பிகள் இழுபட்டு இறக்கை நுனிகள் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் எழும்பும், மறுபக்கம் தாழும். இதைக் காட்டத்தான் அந்தக் கைப்பிடி. அதைத்தான் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

கயிறு இருக்கும் என்று தெரிந்தே பையில் காலி ஊதுபத்தி டப்பா ஒன்றை வைத்திருந்தேன். 1899இல் வில்பர் ரைட்டுக்கு இந்த யோசனை வந்ததே, சைக்கிள் ட்யூப் வரும் நீள அட்டைப் பெட்டியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான். மேல் அட்டை ஓர் இறக்கை, கீழ் அட்டை ஓர் இறக்கை. இரு முனைகளையும் எதிரெதிராகத் திருக ஆரம்பித்தேன், உங்கள் காவலர் வந்துவிட்டார். "உள்ள ஊதுபத்தி கொளுத்தக் கூடாது சார்." திறந்து காட்டினேன், காலிதான் என்றேன். டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை; அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா? பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் டைனோசர் பக்கம் ஓடிவிட்டார்கள். கேட்டவள் மட்டும் கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கும் ஒரு அதட்டல் விழுந்தது.

செல்ஃபி எடுக்கச் சுவரில் இறக்கை வரைந்திருக்கிறீர்கள், அதற்கு விளக்கு நன்றாகவே எரிகிறது. ரைட் விமானத்தின் எஞ்சினை ஆறே வாரத்தில் செய்துகொடுத்த மெக்கானிக் சார்லி டெய்லரின் பெயர் எங்கும் இல்லை. 1910இல் சென்னை ஓட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ் தன் சொந்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டதற்கும் ஒரு வரி கிடையாது. திறப்பு விழாக் கல்வெட்டில் மட்டும் ஒருவர் பெயரும் விடுபடவில்லை.

சரி, அதையெல்லாம் இப்போது கேட்கவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் மாற்றுங்கள், சைக்கிள் பிரேக் கம்பியே போதும். பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். டப்பா வாங்க ஆள் இருக்கும்போது இதற்கும் ஆள் கிடைப்பார்.

அவர்கள் முதலில் பறந்த டிசம்பர் 17 வருகிறது. அதற்குள் செய்து தந்தால் அடுத்த பிரிவுப் பிள்ளைகளை அன்றைக்கே அழைத்து வருகிறேன். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்